கோலுடனா, கோலின்றியா: பனிச்சறுக்கு கற்பவருக்கு எது கடினம்?

பனிச்சறுக்கு கற்கச் செல்பவர் வாடகைக் கடையில் பூட்ஸையும் பலகைகளையும் பெற்றுக்கொள்ளும்போது, கேட்காமலேயே இரண்டு கோல்களும் கைக்கு வந்துவிடும். அவற்றை எடுத்துச் செல்வதா, பயிற்றுநரிடம் சொல்லிச் சில நாட்களுக்கு ஓரமாக வைத்துவிடுவதா என்பதை அந்த இடத்தில் யாரும் யோசிப்பதில்லை. காஷ்மீரின் குல்மார்க்கில் நான் கற்றபோது, பயிற்றுநரின் சொற்படி கோல்களை ஒதுக்கிவைத்துத்தான் தொடங்கினேன். தடுமாறாமல் திரும்பப் பழகிய பிறகே அவற்றைக் கையில் எடுத்தேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் நான் நடுநிலையாளன் அல்லன். இயந்திரம் ஓட்டிச் சீராக்கப்பட்ட சரிவில் இறங்கக் கற்பவருக்குக் கோலின்றிச் சறுக்குவது கடினமன்று என்பதும், தொடக்கத்தில் அதுவே எளிது என்பதும் என் முடிவு. சமதரையில் கோலில்லாமல் படும் பாட்டை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் பலரும் மாறான முடிவுக்கு வருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

சில்லறை வேறுபாடுகளை முதலில் முடித்துவிடலாம். வாடகைத் தொகுப்பில் கோல்களும் அடங்கியிருப்பதால், வேண்டாம் என்று சொல்வதால் பணம் மிச்சமாகப் போவதில்லை. எடையும் பொருட்டன்று; பெரியவர்களுக்கான ஓர் அலுமினியக் கோல் ஏறத்தாழக் கால் கிலோ இருக்கும். நின்றபடியே பனிமேல் மேலே இழுத்துச் செல்லும் இழுவை லிஃப்டில் ஏறும்போது கோல்கள் இரண்டையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேலிருந்து வரும் தண்டைப் பற்றிக் கால்களுக்கிடையே செலுத்த வேண்டும். பழகியவருக்கு இது ஒன்றுமில்லை. புதியவர் பெரும்பாலும் விழுவது இந்த இடத்தில்தான். இரு கைகளும் காலியாக இருந்தால் அந்தச் சிக்கல் பாதியாகக் குறைகிறது.

உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது உடல் எடை எந்தப் பலகையின்மேல் விழுகிறது என்பதே. சரிவில் திரும்பும்போது, திருப்பத்தின் வெளிப்புறமாக இருக்கும் பலகையின்மேல் எடை ஏற வேண்டும். வலப்புறம் திரும்புகிறவருக்கு இடப்பலகைதான் வெளிப்பலகை; திருப்பம் முடியும் தறுவாயில் சரிவின் கீழ்ப்பக்கம் இருப்பதும் அதுவே. எடை ஏறியதும் அந்தப் பலகை வளைகிறது, அதன் உட்பக்க எஃகு விளிம்பு பனியைக் கவ்வுகிறது, இடை குறுகிய அதன் வடிவமே அதை வளைவான பாதையில் கொண்டுசெல்கிறது. முன்முனைகளைச் சேர்த்துப் பின்முனைகளை விரிக்கும் ஸ்னோப்ளோ என்ற தொடக்கப் பாடத்திலும், பின்னாளில் இரு பலகைகளையும் இணையாக வைத்துத் திரும்புவதிலும் அடிப்படை இதுதான். வேறு எதைத் தவறாகச் செய்தாலும் சமாளித்துக்கொள்ளலாம். எடை சரிவின் மேற்பக்கம் இருக்கும் மேல்பலகைக்குப் போய்விட்டால் திருப்பம் நடக்காது.

ஆனால் கீழே பள்ளம் தெரிந்தவுடன் உடல் தானாக மலைப்பக்கம் சாய்கிறது. அச்சத்தில் அப்படிச் சாய்கிறவரின் மேற்பக்கக் கையில் ஒரு கோல் இருந்துவிட்டால், அது உடனே பனியில் ஊன்றிக்கொள்ளும். அந்த ஊன்றல் தரும் தெம்பில் அவர் இன்னும் சற்றுச் சாய்வார். எடை மேல்பலகைக்கு மாறும், கீழ்ப்பலகை பிடியிழந்து வழுக்கும், வேகம் கூடும், வேகத்தைக் கண்டு அச்சம் கூடும், அச்சத்தில் மறுபடியும் கோல் ஊன்றப்படும். குல்மார்க்கின் தொடக்கநிலைச் சரிவில் என் அருகே கற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். அவர் கடந்து சென்ற பனியில் பலகைகளின் இரு தடங்களுக்கு மேலே மூன்றாவதாக ஒரு மெல்லிய கீறல் நெடுகத் தொடர்ந்தது. மேற்பக்கக் கோலின் முனை உழுதுகொண்டே போன கோடு அது. கீழ்ப்பலகையின் தடமோ விளிம்பு பதிந்த கோடாக இல்லாமல், தேய்த்து விட்டாற்போல அகலமாக இருந்தது. அவர் எடையை எங்கே வைத்திருந்தார் என்பதை வேறு யாரும் சொல்லத் தேவையில்லை.

கோல் இல்லாதவருக்கும் இதே அச்சம் உண்டு, அவரும் மலைப்பக்கம் சாய்வார். ஆனால் சாய்ந்தால் தாங்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லாததால், மெதுவான வேகத்திலேயே பக்கவாட்டில் உட்கார்ந்துவிடுவார். அந்த விழுதல் பெரிதாக வலிக்காது. சாய்ந்தால் விழுவோம் என்ற பாடம் மட்டும் உடனே உடலில் ஏறிவிடும். கோலுடன் கற்பவருக்கு அதே பாடம் பல மணி நேரம் தள்ளிப்போகிறது. சிலர் செங்குத்தான சரிவுக்குப் போகும்வரை அதைக் கற்பதே இல்லை, அங்கே போய்க் கற்பது ஆபத்தானது. கைகள் காலியாக இருப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. திருப்பத்தின்போது வெளிப்புறக் கையால் வெளிப்புற முழங்காலைத் தொடச் சொல்வது, இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து வெளிப்புறக் கையைத் தாழ்த்தச் சொல்வது போன்ற பயிற்சிகள் எடையை வெளிப்பலகைக்கு இழுத்துச் செல்வதற்கென்றே உள்ளவை. அவற்றைக் கோல்களுடன் செய்வது தொல்லை. உலகெங்கும் சிறு குழந்தைகளைப் பெரும்பாலும் கோலின்றியே பழக்குகிறார்கள் என்பதையும், தேறியவர்கள்கூடப் பழுதுபட்ட பழக்கத்தைத் திருத்தக் கோல்களை விட்டுவிட்டு இறங்குகிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்று வலுவற்றது, ஒன்று வலுவானது. கழைக்கூத்தாடியின் கையில் உள்ள நீண்ட கழியைப் போல இந்தக் கோல்களும் சமநிலை தரும் என்பது வலுவற்ற வாதம். அவருடைய கழி நீளமும் கனமும் கொண்டது, குறுக்காகப் பிடிக்கப்படுவது; கால் கிலோ எடையுடன் கையிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் கோலுக்கு அந்த வேலையைச் செய்யும் ஆற்றல் கிடையாது. உடலைச் சமன்செய்பவை விரிந்த கைகளும், மடங்கி நிமிரும் முழங்கால்களும், பூட்ஸின் முன்நாக்கை அழுத்தி நிற்கும் கணுக்கால்களுமே. வலுவான வாதம் வேறு: கோல் பிடித்தவரின் கைகள் இயல்பாக உடலுக்கு முன்னே நிற்கும், கோலில்லாதவரின் கைகள் தொங்கிப் பின்னுக்குப் போய்விடும், கைகள் பின்னே போனால் இடுப்பும் பின்னே போகும் என்பது. இது உண்மை, எனக்கும் அந்தத் தொல்லை இருந்தது. இதற்குப் பயிற்றுநர்கள் ஒரு நடுவழி வைத்திருக்கிறார்கள். கோல்கள் இரண்டையும் சேர்த்து, மார்புக்கு முன்னே கிடையாகப் பிடித்துக்கொண்டு இறங்கச் சொல்கிறார்கள். கைகள் முன்னே நிற்கும், ஊன்றிக்கொள்ளவும் வழியிருக்காது. கோல்களை அடியோடு விட்டுவிடத் தயங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

அப்படியானால் இறங்குவதில் கோலுக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது தாங்குகிற வேலையன்று. அடுத்தடுத்துக் குறுந்திருப்பங்கள் போடும்போது கீழ்ப்பக்கக் கோலின் முனையால் பனியை ஒரு கணம் தொட்டுவிட்டு, அந்தத் தொடுகையோடு எடையை மறு பலகைக்கு மாற்றுவார்கள். எப்போது திரும்புவது என்பதற்கான தாளம் அது. மணிக்கட்டின் சிறு அசைவில் முடிய வேண்டிய அந்தத் தொடுகையைச் சரியாகப் போட, திருப்பம் ஏற்கெனவே கைவந்திருக்க வேண்டும். வராதவர் தோளோடு சேர்த்துக் கையை வீசுவார், தோள் சுழன்றதும் மற்ற எல்லாமே குலையும். சரிவு செங்குத்தாக ஆக ஆக இந்தத் தொடுகை இன்றியமையாததாகிறது என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். சறுக்குபவர்கள் திரும்பித் திரும்பி உருவான பனிமேடுகள் நிறைந்த சரிவுகளிலும், தொடை வரை புதையும் தூள்பனியிலும் என் பழக்கம் குறைவு; அங்கே கோலின்றி இறங்குவது வெகுவாகக் கடினம் என்று தேர்ந்தவர்கள் சொல்வதை, நான் பார்த்த கொஞ்சத்தை வைத்து, ஏற்றுக்கொள்கிறேன்.

கோல்மேல் சாய்வதைப் பற்றிய இந்தப் பூசல் புதியதும் அன்று. பழைய நாட்களில் ஒரே ஒரு நீண்ட கோலைக் கால்களுக்கிடையிலோ பக்கத்திலோ அழுத்தி, அதன்மேல் சாய்ந்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு இறங்குவார்கள். தேர்ந்தவர்கள் அதை இளப்பமாகவே பார்த்தார்கள். ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்டில் ஆல்ப்ஸின் செங்குத்துச் சரிவுகளுக்கேற்ற சறுக்குமுறையை வகுத்து, 1905 மார்ச் 19 அன்று அங்குள்ள முக்கன்கோகல் மலையில் கொடிகளுக்கிடையே வளைந்து இறங்கும் போட்டியை நடத்திய மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி கற்பித்ததும் ஒற்றைக் கோல் முறைதான். அவருக்குப் போட்டியாக இரட்டைக் கோல்களைப் பரப்பியவர் அதே நாட்டின் படை அதிகாரி கியோர்க் பில்கேரி. இறுதியில் நிலைத்தது இரட்டைக் கோல். இன்றைய வாடகைக் கடையில் இரண்டு கோல்கள் சேர்ந்து வருவதற்குப் பின்னே அப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

இனிச் சமதரைக்கு வருவோம், இங்கே கோலின் கட்சிதான் வெல்கிறது. குல்மார்க் ஒரு மலைப்புல்வெளி; தொடக்கநிலைச் சரிவுகள் அந்தக் கிண்ண வடிவ வெளியின் ஓரங்களில் இருப்பதால், சரிவு முடிந்த பிறகு லிஃப்ட் வரிசைவரை தட்டையான பனியில் போயாக வேண்டும். கோலுள்ளவர் இரு கோல்களையும் முன்னே ஊன்றித் தள்ளினால் நாலைந்து தள்ளலில் போய்ச் சேர்வார். கோலில்லாதவர் முன்முனைகளை அகட்டிவைத்து வாத்துநடை நடக்க வேண்டும், அல்லது பனியைப் பக்கவாட்டில் உதைத்து ஸ்கேட்டிங் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். ஏற்றம் சிறிதாக இருந்தாலும் மூச்சு வாங்கும், ஜாக்கெட்டுக்குள் வியர்த்துக் கொட்டும். விழுந்து எழுவதும் அப்படித்தான். பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காக, உடலுக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்துவிட்டால் இறுகிய பனியில் கையை ஊன்றியே எழுந்துவிடலாம். மென்பனியில் கை முழங்கைவரை புதைந்துபோகும், அங்கே கோல்களைச் சிலுவைபோல் குறுக்கே கிடத்தி அதன்மேல் கையூன்றினால்தான் எழ முடியும். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கின் பின்பக்க நெம்பைக் கோல்முனையால் ஓர் அழுத்து அழுத்தினால் பூட் விடுபடும்; கோலில்லாதவர் விறைத்த பூட்ஸுடன் குனிந்து கையால் அழுத்த வேண்டும், அல்லது மறு காலால் மிதிக்க வேண்டும். பூட்ஸின் அடியில் கட்டியாக ஒட்டிய பனியைச் சுரண்டாமல் பைண்டிங் பூட்டாது, அதற்கும் கோல்தான் கைக்கு வாகானது. இவையெல்லாம் மெய்யான சிரமங்கள். ஆயினும் இவற்றில் ஒன்றுகூடச் சறுக்குவதில் உள்ள சிரமம் அன்று. சறுக்கல்களுக்கு இடையே வரும் அலுப்பு. அந்த அலுப்பைச் சில நாள் பொறுத்துக்கொண்டால் சரியான எடைமாற்றம் கைவருகிறது என்பதால் எனக்கு அது நல்ல பேரமாகப் பட்டது. உடல்வலு குறைந்தவருக்கோ, ஒரே ஒரு நாள் மட்டும் பனியில் விளையாட வந்தவருக்கோ இந்தப் பேரம் கட்டுப்படியாகாமல் போகலாம்.

சமநிலங்களில் நெடுந்தூரம் செல்லும் கிராஸ்கன்ட்ரி சறுக்கலுக்கு இந்த வாதம் எதுவும் பொருந்தாது. கோல் அங்கே உந்துவிசையின் பெரும்பங்கைத் தரும் கருவி. ஸ்வீடனின் சேலனிலிருந்து மூரா வரை 90 கிலோமீட்டர் ஓடும் வாசாலொப்பெட் போட்டியில் முன்னணி வீரர்கள் அண்மை ஆண்டுகளில் கால்களால் உதைப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டு, முழுத் தொலைவையும் இரு கோல்களாலேயே தள்ளிக் கடக்கிறார்கள். கோல் நீளமானால் இந்த உந்தல் இன்னும் எளிதாகும் என்பதால், கிளாசிக் பாணிப் போட்டிகளில் கோலின் நீளம் வீரரின் உயரத்தில் 83 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று பன்னாட்டுக் கூட்டமைப்பு வரம்பு வைத்திருக்கிறது. 2006 டுரின் ஒலிம்பிக்கின் மகளிர் அணி ஸ்பிரின்ட் போட்டியில் கனடாவின் சாரா ரென்னரின் கோல் முறிந்தபோது, அவர் சட்டெனப் பின்தங்கினார். நார்வேயின் பயிற்றுநர் பியோர்னார் ஹோகன்ஸ்மோன் தன்னிடமிருந்த கோலை அவருக்குக் கொடுத்தார். கனடா வெள்ளி வென்றது. நார்வே நான்காவதாக வந்து பதக்கத்தை இழந்தது. இறக்கத்தில் இறங்கும் ஒருவர் கோலை இழந்தால் கதை இவ்வளவு தூரம் போகாது.

கோலின்றித் தொடங்குபவர் எப்போது கோலை எடுக்கலாம் என்பதற்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் எளியது: மிதமான சரிவில் இரு பக்கமும் திரும்பி, விரும்பிய இடத்தில் நிற்க முடிந்தால் எடுத்துவிடலாம். அதற்குமேல் தள்ளிப்போட்டால் கைகள் தொங்கும் பழக்கம் படிந்துவிடும். எடுத்த பிறகு, கோலின் பிடியில் மணிக்கட்டை மாட்டிக்கொள்ளும் கைவாரைப் பற்றிக் கவனம் தேவை. கோலைப் பிடித்தபடி விழும்போது கட்டைவிரல் பின்னுக்கு வளைந்து, அதன் அடிமூட்டின் உட்பக்கத் தசைநார் கிழிவது பனிச்சறுக்கில் அடிக்கடி நேரும் காயங்களுள் ஒன்று. விழப்போகிறோம் என்று தெரிந்ததும் கோலை விட்டுவிடப் பழகிக்கொள்வது நல்லது. மரங்களுக்கிடையிலும் பனிச்சரிவு அபாயமுள்ள இடங்களிலும் கைவாரை மாட்டாமலே செல்வதுதான் வழக்கம்.

நீளத்தைப் பார்க்க, கோலைத் தலைகீழாகத் தரையில் நிறுத்தி, முனையருகே உள்ள வட்டத் தட்டுக்கு ஒட்டி அதன் அடிப்பக்கமாகப் பிடிக்க வேண்டும். முழங்கை செங்கோணமாக மடங்கினால் அளவு சரி. உயரத்தை 0.7 ஆல் பெருக்கினாலும் ஏறத்தாழ அதே எண் வரும். 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 120 சென்டிமீட்டர் கோல். கடையில் இருப்பவை ஐந்தைந்து சென்டிமீட்டர் இடைவெளியில்தான் இருக்கும் என்பதால், இரண்டுக்கும் நடுவே வருபவர் குட்டையானதையே எடுத்துக்கொள்ளட்டும்; நீண்ட கோல் ஒவ்வொரு தொடுகையிலும் கையை மேலே தூக்கி, உடலைப் பின்னுக்குத் தள்ளும்.