பழைய ஸ்போர்ட்ஸ் கார்: கார் சேலில் விடுவதா, நாமே விற்பதா?

எங்கள் வீட்டில் தொண்ணூறுகளின் கார்கள் இரண்டு இருந்தன. ஒன்று ஹோண்டா சிவிக் ஈஜி6, மற்றது மிட்சுபிஷி எஃப்டிஓ ஜிபிஎக்ஸ். சிவிக்கை ஹட்டனிலிருந்து இறக்கி ஒரு கார் சேலில், அதாவது மற்றவர்களின் கார்களை நிறுத்தி விற்றுக் கொடுக்கும் இடத்தில், விட்டு விற்றேன். எஃப்டிஓவுக்கு ஆள் தேடி நானே விற்றேன். இனி ஒன்றை விற்பதானால் நானேதான் விற்பேன்.

கார் சேலின் வசதி தெரிந்ததுதான். சாவியைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஆனால் அங்கே வருகிறவர்களில் பலர் லீசிங் போட்டு, அதாவது நிதி நிறுவனத்தில் தவணைக்கு எடுத்து, வாங்க நினைப்பவர்கள். முப்பது வயதுக் காருக்கு லீசிங் லேசில் கிடைக்காது. என் சிவிக் 4 மாதம் வெயிலில் நின்றது. அந்த 1.6 லீட்டர் பி16ஏ எஞ்சின் 170 குதிரைத்திறன் தரும் என்பது அங்கே பேச்சிலேயே வரவில்லை. வருடத்தைப் பார்த்து விலை சொன்னார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய சிக்கல் பெயர் மாற்றம். வாங்குபவரின் பெயர் இல்லாத படிவத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஓபன் பேப்பர் என்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்வது இதைத்தான். கார் கைமாறியது, பணமும் வந்தது, ஆனால் காரின் பதிவுப் புத்தகத்தில் என் பெயரே இருந்தது. அடுத்த வருடம் அந்தக் கார் விபத்துக்குள்ளாகி, பொலிஸிலிருந்து கடிதம் என் வீட்டுக்கு வந்தது. யாரிடம் கார் இருக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் அலைந்தேன். வாகனம் கைமாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பதை அப்போதுதான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். நேரடியாக விற்றால் வாங்குபவரோடு சேர்ந்தே போய் வேலையை முடிக்கலாம். எஃப்டிஓவை அப்படித்தான் கொடுத்தேன்.

அதை வாங்கியவர் கண்டிக்காரர். வந்ததும், "அண்ணே, முதல்ல புத்தகத்தைக் காட்டுங்க" என்றார். எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் டோர்ச் அடித்து ஒப்பிட்டார். எஞ்சின் மாற்றிய கார்கள் நிறைய ஓடுவதால், புத்தகத்தோடு நம்பர் பொருந்துவதற்கே இவரைப் போன்ற கார்ப் பிரியர்கள் தனி விலை கொடுப்பார்கள். சக்கர வளைவில் மலைப் பனிக்குப் பிடித்திருந்த துருவை நானே காட்டினேன். அதற்காக அவர் விலையைக் குறைக்கவில்லை.

இன்னொன்று. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் கார்ப் பிரியர்கள் கூடுவார்கள். மககஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 முதல் நடக்கும் ஊர் அது. ஆள் பிடிக்க நல்ல இடம், ஆனால் ஓட்டிக் காட்ட அல்ல. 1,868 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் அங்கே சோர்ந்து இழுக்கும். அதனால் நான் காரைக் கண்டிக்கே கொண்டுபோய் ஓட்டக் கொடுத்தேன்.

சரி, நான் விற்றது இரண்டே கார்கள். அதுவும் 2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, பழைய காருக்கு விலை ஏறியிருந்த நேரம். 2025 இல் இறக்குமதி திறந்துவிட்டது, ஆள் கிடைக்க அதிக நாள் எடுக்கலாம். அப்படியே ஆனாலும், "பெயரைப் பிறகு மாத்திக்கிறேன்" என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். திணைக்களத்துக்குப் போக ஒரு நாள் ஒதுக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.