பர்த்டே பார்ட்டிக்கு எந்த கேம் ஓடும், எது சொதப்பும்: மொட்டை மாடி அனுபவத்துல ஒரு அலசல்

எங்க குடும்பத்துல யாரு வீட்ல பர்த்டேனாலும் கேம்ஸ் டிபார்ட்மெண்ட் என் தலைல தான் விழும். தங்கச்சி பொண்ணு, மச்சான் பையன், எதிர் ஃபிளாட்டு ரெட்டைங்கன்னு வருஷத்துக்கு நாலஞ்சு பார்ட்டி, பெரும்பாலும் மடிப்பாக்கத்துல எங்க அப்பார்ட்மெண்ட் மொட்டை மாடியில. பசங்க என் பேரையே மறந்துட்டு 'கேம்ஸ் மாமா'ன்னு தான் கூப்பிடுதுங்க. இத்தனை வருஷத்துல நான் வச்சிருக்கிற அளவுகோல் ஒண்ணே ஒண்ணு தாங்க: அவுட்டான குழந்தை எவ்ளோ நேரம் சும்மா உக்காந்திருக்கணும்? அது எந்த கேம்ல கம்மியோ அது நல்ல கேம். காசு, பரிசு, டெக்கரேஷன் எல்லாம் அப்புறம்.

இந்த கணக்குல முதல்ல மாட்டுறது மியூசிக்கல் சேர். 20 குழந்தைங்க வந்தா 19 ரவுண்டு. பாட்டு, ஓட்டம், "மாமா நான் தான் ஃபர்ஸ்ட் உக்காந்தேன்" பஞ்சாயத்து எல்லாம் சேத்து ரவுண்டுக்கு ஒன்றரை நிமிஷம்னு வைங்க, முதல்ல அவுட்டாகுற புள்ள மீதி 18 ரவுண்டு, அதாவது 27 நிமிஷம் அம்மா மடியில உக்காந்து மூக்கை உறிஞ்சிட்டு இருக்கணும். அதுவும் முதல்ல அவுட்டாகுறது யாருன்னு பாத்தீங்கன்னா எப்பவும் இருக்கிறதுலயே சின்னது தான், நாலு வயசு, இன்னிக்கு தான் புது ஃபிராக் போட்டிருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் சேர்ல ரெண்டு பசங்க ஒரே நேரத்துல விழுந்து, சேர் கால் பப்பரப்பேன்னு விரிஞ்சு, ஒருத்தனுக்கு முட்டி சிராய்ப்பு, எனக்கு ஷாமியானா கடைக்காரர் கிட்ட தண்டம். அன்னியோட அந்த கேமுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அதுக்கு பதிலா பேப்பர் டான்ஸ் வச்சு பாருங்க. ஜோடிக்கு ஒரு பழைய நியூஸ்பேப்பர் தாள், பாட்டு ஓடும்போது சுத்தி ஆடணும், நிறுத்தினா ரெண்டு பேரும் தாள் மேல நிக்கணும், ஒவ்வொரு ரவுண்டுக்கும் தாளை பாதியா மடிக்கணும். நாலு தடவை மடிச்சா தாள்ல பதினாறுல ஒரு பங்கு தான் மிச்சம், அதுல ஒரு கால் வைக்கிறதே கஷ்டம், அதனால கேம் அஞ்சாறு நிமிஷத்துல தானா முடிஞ்சிடும். அவுட்டானவங்க காத்திருக்கிறதும் ரெண்டு மூணு நிமிஷம் தான். அப்பாவும் குழந்தையுமா ஜோடி சேத்து விட்டா இன்னும் அமர்க்களம், புள்ளைய தோள்ல தூக்கி வச்சுட்டு ஒத்தைக்கால்ல கொக்கு மாதிரி நிக்கிற அப்பாக்களை பாக்கவே ஆயிரம் கண்ணு வேணும். செலவு பழைய பேப்பர் கடைக்கு போக வேண்டிய ரெண்டு நாள் பேப்பர். மொட்டை மாடியில காத்து அடிச்சா மட்டும் தாள் பறக்கும், அப்போ கார் பார்க்கிங்ல வச்சுக்கோங்க.

பாஸிங் த பார்சல் ரெண்டுக்கும் நடுவுல. அவுட் பண்ணி அனுப்புற மாதிரி வைக்காதீங்க. பார்சலை பத்து சுத்து பேப்பர்ல சுத்தி, ஒவ்வொரு சுத்துலயும் ஒரு சீட்டு, 'பால்காரர் மாதிரி நடி', 'பாட்டி மாதிரி தும்மு', இப்படி. பாட்டு யார் கிட்ட நிக்குதோ அவங்க ஒரு சுத்து பிரிச்சு அதை செஞ்சுட்டு திரும்ப உக்காந்துக்கலாம். நடிக்க வெக்கப்படுற குழந்தைய வற்புறுத்தாம அடுத்தவங்களுக்கு தள்ளி விட்டுடுங்க. சரி, போதும் இது.

இப்போ நான் ரொம்ப நேரம் பேச ஆசைப்படுற ரெண்டு கேம்.

ஒண்ணு கொல கொலயா முந்திரிக்கா. வட்டமா உக்கார வேண்டியது, ஒருத்தர் துண்டை வச்சுக்கிட்டு வட்டத்தை சுத்தி ஓட வேண்டியது, ஓடுறவங்க "கொல கொலயா முந்திரிக்கா"ங்க, உக்காந்திருக்கிறவங்க "நரிய நரிய சுத்தி வா"ங்க, நைசா ஒருத்தர் முதுகுக்கு பின்னாடி துண்டை போட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி ஓடணும். அவங்க கவனிச்சுட்டா துண்டை எடுத்துக்கிட்டு தொரத்துவாங்க, கவனிக்கலைன்னா ஒரு ரவுண்டு வந்து முதுகுலயே ரெண்டு போடு. இதுல அவுட்டே கிடையாது பாருங்க! துண்டு வாங்கினவங்க ஓடுவாங்க, ஓடினவங்க வந்து அந்த இடத்துல உக்காந்துப்பாங்க, அவ்ளோதான். என் அளவுகோல்ல நூத்துக்கு நூறு. போன பர்த்டேல இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்கு இதெல்லாம் எங்க தெரிய போகுதுன்னு நினைச்சேன், ரெண்டு நிமிஷத்துல பாட்டை புடிச்சுக்கிச்சுங்க, அதுல ஒரு சேட்டு வீட்டு பையன் 'முந்திரிக்கா'வ அடித்தொண்டைல இழுத்து கத்துன கத்துல கீழ் வீட்டு நாயே குரைச்சுது. ரெண்டே விஷயம் பாத்துக்கோங்க. துண்டுல முடிச்சு போட விடாதீங்க, வலிக்கும். அப்புறம் மே மாசம் அஞ்சு மணிக்கு மாடி தரையில உக்கார சொன்னா புள்ளைங்க கால் வெந்துடும், அஞ்சரைக்கு மேல தண்ணி தெளிச்சு ஜமுக்காளம் விரிச்சு ஆரம்பிங்க, ஆறரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும். நவம்பர்னா அஞ்சே முக்காலுக்கே இருட்டு கட்டிடும், மழையும் எப்போ வரும்னு தெரியாது, ஹாலுக்குள்ள தான்.

ரெண்டாவது ஹவுஸி, நம்ம தம்போலா. இதுக்கும் முந்தினதுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது, அது ஓட்டம், இது உக்காந்த இடம். ஆனா பாட்டி தாத்தாவுல இருந்து எட்டு வயசு பொடிசு வரைக்கும் ஒரே நேரத்துல விளையாடுற கேம் இதை விட்டா எனக்கு தெரிஞ்சு இல்ல. டிக்கெட்டுக்கு 3 வரி, 9 கட்டம் வீதம் 27 கட்டம், அதுல 15 நம்பர் தான், வரிக்கு 5. நம்பருக்கு 10 செகண்டுன்னு வச்சாலும் மொத்தம் 90 நம்பரையும் கூப்பிட 15 நிமிஷம், அதுக்குள்ள எப்படியும் யாராவது ஒருத்தருக்கு ஃபுல் ஹவுஸ், அதாவது டிக்கெட்ல இருக்கிற 15 நம்பரும், விழுந்துடும். யாரும் அவுட் ஆகுறதும் இல்ல. மேல் வரி போச்சா, நடு வரி இருக்கு, நாலு மூலை இருக்கு.

ஆனா ஹவுஸி நிக்கிறதும் விழுறதும் கூப்பிடுற ஆள் கையில. இங்கிலீஷ்ல 'டூ ஃபேட் லேடீஸ், 88'ன்னு கூப்பிட்டா எங்க அம்மாவுக்கு ஒரு சுவாரஸ்யமும் இல்ல. நான் நம்மூரு கணக்குல கூப்பிடுவேன். 'மயிலாப்பூர் பங்குனி திருவிழால ஊர்வலம் வர்ற நாயன்மாருங்க?' 63! 'நட்சத்திரம் மொத்தம்?' 27. 'சபரிமலை படி?' 18. 'ஆழ்வாருங்க?' 12. 'சி சேத்தா பெரம்பூர்ல இருந்து பெசன்ட் நகர் பஸ்ஸு?' 29. 7 வந்தா நான் ஒண்ணுமே சொல்ல மாட்டேன், காதுல கை வச்சு நிப்பேன், மொத்த கூட்டமும் "தோனி"ன்னு கத்தும். இப்படி கூப்பிட்டா பெருசுங்க பதில் சொல்லும், சிறுசுங்க டிக்கெட்ல தேடும், ஒருத்தருக்கு ஒருத்தர் உதவி. ரெண்டு இலக்க நம்பர் படிக்க தெரியாத வாண்டுகளை ஒரு பெரியவங்க பக்கத்துல உக்கார வச்சுடுங்க. பேனா வேணாம், புளியங்கொட்டை குடுங்க, டிக்கெட்டை அடுத்த வாட்டியும் யூஸ் பண்ணலாம். முக்கியம், ஃபேனை நிறுத்திடுங்க. ஒரு தடவை ஃபுல் ஹவுஸுக்கு ஒரே நம்பர் பாக்கி இருக்கும்போது யாரோ வேர்க்குதுன்னு ஃபேனை அஞ்சுல வச்சாங்க, டிக்கெட் எல்லாம் பறந்து புளியங்கொட்டை ஹால் பூரா சிதறி... எங்க அத்தை இன்னும் அதை சொல்லி காட்டுவாங்க.

ட்ரெஷர் ஹண்ட் கேக்க நல்லா இருக்கும். நானும் நம்பி ஏமாந்தேன். ராத்திரி ரெண்டு மணி நேரம் உக்காந்து க்ளூ எழுதி, மோட்டார் ரூம், செருப்பு ஸ்டாண்டு, துளசி மாடம்னு ஒட்டி வச்சா, மறுநாள் படிக்க தெரிஞ்ச ரெண்டு பெரிய பசங்க பத்தே நிமிஷத்துல புதையலை எடுத்துட்டானுங்க, மீதி பதினஞ்சும் மூணு மாடி படிக்கட்டுல பின்னாடியே தடதடன்னு ஓடினது தான் மிச்சம். செகண்ட் ஃப்ளோர் ஆன்ட்டி மத்தியான தூக்கம் கெட்டுதுன்னு ஒரு வாரம் என் கிட்ட பேசல. எல்லாரும் ஒன்பது பத்து வயசு, நாலு நாலு பேரா டீம், டீமுக்கு தனித்தனி க்ளூ, இதெல்லாம் முடியும்னா வைங்க. கலந்த வயசுக்கு வேணாம்.

அந்த பெரிய பலூனை ஊசியால குத்தி சாக்லேட் கொட்ட விடுறது கேமே இல்லைங்க, கல்யாண ஊர்வலத்துல காசு இறைச்ச கதை. தள்ளுமுள்ளுல பெருசுங்க வாரிக்கும், சிறுசுங்க அழும், கிழிஞ்ச பலூன் துண்டை எடுத்து வாயில வைக்கிற குழந்தைய யாராவது ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கணும். உறியடி வைக்கலாமேன்னு மச்சான் கேட்டான். திருவல்லிக்கேணியில கிருஷ்ண ஜெயந்திக்கு பாக்க நல்லா இருக்கும் தான், ஆனா கண்ணை கட்டி கையில கம்பு குடுத்து சுத்தி இருபது குழந்தைய நிக்க வைக்கிற தைரியம் எனக்கு இல்ல.

கடைசியா, காசு குடுத்து மைக்கோட ஆள் கூட்டிட்டு வர்றது. 30 குழந்தைக்கு மேல போனா, இல்ல நீங்களே சமையலும் பாக்கணும்னா, யோசிக்காம கூப்பிடுங்க. ஸ்பீக்கர், சாமான் எல்லாம் அவரே கொண்டு வந்துடுவார், கூட்டத்தை அடக்குற குரலும் இருக்கும். ஆனா நான் பாத்தவரைக்கும் அவங்க கேம் முக்கால்வாசி அவுட் ஆகுற வகை தான், வேகமா ஆளை குறைக்கிறது அவங்களுக்கு சௌகரியம். அதனால புக் பண்ணும்போதே 'அவுட் வேணாண்ணா'ன்னு சொல்லிடுங்க. மால்ல இருக்கிற பிளே ஏரியா இன்னொரு வழி. சாக்ஸ் மறக்காதீங்க. அங்க ஆளுக்கொரு மூலைக்கு போய் குதிப்பாங்க, சேந்து விளையாடுற கதை இல்ல, பார்க்கிங் தேடுறதுக்குள்ள ஸ்லாட் பாதி போயிடும்.

எது வச்சாலும் கேக் வெட்டுறதுக்கு முன்னாடி முடிச்சிடுங்க. கேக்குக்கு அப்புறம் கை பிசுபிசுன்னு இருக்கும், கண்ணு ரிட்டர்ன் கிஃப்ட் பை மேல இருக்கும், ஒரு கேமும் ஓடாது. கேமுக்கு தனியா பரிசும் நான் குடுக்கிறதில்ல, ஜெயிச்சவன் கையில பென்சில் பாக்ஸை பாத்து தோத்தவன் அழுறதை சமாளிக்க எனக்கு தெம்பு இல்ல.

அடுத்த பார்ட்டி நவம்பர்ல, மச்சான் பையனுக்கு ஏழாவது பர்த்டே. மழை காலம், அதனால ஹால் தான்: சோஃபாவை ரூமுக்குள்ள தள்ளிட்டு பேப்பர் டான்ஸ், கொல கொலயா முந்திரிக்கா, கடைசியா ஹவுஸி. எங்க அத்தை இப்பவே ரெண்டு டிக்கெட் சொல்லி வச்சிட்டாங்க, ஃபேன் சுவிட்சு பக்கத்துல தான் சேர் போட்டு உக்காருவாங்களாம்.