சுழலும் டம்ப்ளரா, அதிரும் டம்ப்ளரா?

பொறுக்கி வந்த கற்களை வீட்டிலேயே மெருகேற்றும் இயந்திரத்துக்கு டம்ப்ளர் என்று பெயர். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மூடிய பேரல் இரண்டு உருளைகளின் மேல் படுத்துக்கொண்டு இரவும் பகலும் மெதுவாகச் சுழலும். மற்றதில் கிண்ணம் போன்ற பாத்திரம் வேகமாக அதிரும். நான் சுழலும் வகையை வாங்கினேன், மூன்று வருடங்களாக ஓட்டுகிறேன். அதிரும் வகையை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி நான்கு முறைதான் ஓட்டியிருக்கிறேன். அதைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

வேகம் என்று பார்த்தால் போட்டியே இல்லை. சுழலும் பேரலில் நான்கு நிலைகள். முதலில் 60/90 சிலிக்கான் கார்பைடு (கல்லை அரைக்கும் தூள், எண் கூடக்கூடத் தூள் நுண்ணியது), அடுத்து 120/220, பிறகு 500, கடைசியாக அலுமினியம் ஆக்சைடு பாலிஷ். நிலைக்கு ஒரு வாரம் வீதம் வைத்தாலும் ஒரு மாதம் போய்விடும். அதிரும் வகையில் ஒவ்வொரு நிலையும் சில நாட்களில் முடிகிறது. சத்தத்தைப் பொறுத்தவரை, ரப்பர் பேரல் பக்கத்து அறையில் இருந்தால் மறந்தே போகும். அதிர்வின் ரீங்காரம் அப்படி மறக்கக்கூடியதாக எனக்கு இல்லை.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது வேகமோ சத்தமோ இல்லை. ஒரு நாளில் எத்தனை முறை மூடியைத் திறக்க வேண்டும் என்பதுதான்.

அதிரும் கிண்ணத்தில் தண்ணீர் மிகக் குறைவாகத்தான் விட வேண்டும். தூளும் தண்ணீரும் சேர்ந்த சேறு கற்களின் மேல் மெல்லிய பூச்சாக ஒட்டியிருந்தால்தான் தேய்மானம் நடக்கும். தண்ணீர் கூடினால் தூள் கழன்று அடியில் தங்கிவிடும், கற்கள் ஒன்றோடொன்று மோதி அடிபடும். தண்ணீர் குறைந்தால் சேறு இறுகும். கல் அரைபட அரைபட அந்தத் துகளும் சேர்வதால் அது தானாகவே கெட்டியாகிக்கொண்டே போகும். அதனால் காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை எட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் சில சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். இரண்டாவது முறை ஓட்டியபோது ஒரு நாள் முழுக்க வீட்டில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் இயந்திரம் அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது, கற்கள் மட்டும் அசையவில்லை. சாம்பல் நிறச் சேறு பிசைந்த களிமண் மாதிரி அவற்றைப் பிடித்து வைத்திருந்தது. விரலால் ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்துக் கழுவி, அந்த நிலையை முதலிலிருந்து தொடங்கினேன்.

சுழலும் பேரலுக்கு இந்தக் கவலை இல்லை. மூன்றில் இரண்டு பங்கு அல்லது கொஞ்சம் கூடுதலாகக் கல் நிரப்பி, மேல்வரிசைக் கற்களுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, விளிம்பைத் துடைத்து மூடினால் சரி. மூடி இறுக்கமாக இருப்பதால் ஈரம் எங்கேயும் போகாது. விளிம்பைத் துடைப்பது மட்டும் முக்கியம். ஒரு மணி தூள் ஒட்டியிருந்தாலும் அந்த வழியாக ஒழுகும். ஒரு விதிவிலக்கும் உண்டு: சில கற்கள் உள்ளே வாயுவை உண்டாக்கும், பேரல் உப்பும். புதுக் கல் போட்டால் முதல் சில நாட்கள் தினமும் ஒரு முறை திறந்து காற்றை விட்டுவிடுகிறேன். அப்புறம் வாரம் ஒரு முறைதான். இயந்திரத்துக்கான பராமரிப்பு என்றால், சுழலும் தண்டுக்கு அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய், பெல்ட் தளர்ந்தால் புது பெல்ட். வேலைக்குப் போய் வருகிறவருக்கு இது பெரிய வித்தியாசம். பொழுதுபோக்குக்காகத் தினமும் இரண்டு வேளை நேரம் ஒதுக்க எல்லாராலும் முடியாது.

இன்னொன்று, உருவம். சுழலும் பேரலில் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து சரிந்து கூழாங்கல் போல உருண்டையாகின்றன, எடையும் கணிசமாகக் குறைகிறது. அதிரும் கிண்ணம் கல்லின் உருவத்தை அப்படியே விட்டு மேற்பரப்பை மட்டும் மெருகேற்றும். அறுத்த துண்டுகளும், அழகான கோணமுள்ள கற்களும் வைத்திருப்பவர்கள் தயங்காமல் அதிரும் வகையை வாங்கலாம். அப்சிடியன் (எரிமலைக் கண்ணாடி) போல எளிதில் சில்லு தெறிக்கும் கற்களுக்கும் அதுதான் நல்லது என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். நான் அதில் போட்டுப் பார்த்தது அகேட், ஜாஸ்பர் என்ற கடினமான குவார்ட்ஸ் வகைக் கற்கள் மட்டுமே.

கழுவுவதில் இரண்டுக்கும் ஒரே விதிதான். ஒரு நிலையின் தூள் அடுத்த நிலைக்குப் போகவே கூடாது. ஒரு முறை அகேட்டின் சிறு குழிக்குள் முதல் நிலைத் தூள் கொஞ்சம் ஒளிந்திருந்தது. பாலிஷ் முடிந்து வெயிலில் திருப்பிப் பார்த்தபோது, கூடவே ஓடிய எல்லாக் கற்களிலும் மயிரிழைக் கீறல்கள். அன்றிலிருந்து குழி உள்ள கல்லை பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்காமல் மேலே அனுப்புவதில்லை. கழுவிய சேற்றைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் படிந்து இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டு அடிமண்டியைத் தனியே அப்புறப்படுத்துங்கள். சிந்திக் காய்ந்ததைப் பெருக்கவும் வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, ஈரத்துணியால் துடையுங்கள்.

இடமும் வசதியும் இருந்தால் முதல் நிலையைப் பேரலிலும் மீதியை அதிரும் கிண்ணத்திலும் ஓட்டுகிறவர்களும் உண்டு. நான்கு முறையில் ஒரு முறை அப்படிச் செய்தேன், பளபளப்பில் குறையே இல்லை. ஆனால் ஈரத்தில் எல்லாக் கல்லும் மின்னும், காய்ந்த பிறகு பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். காய்ந்த பிறகு என் கண்ணுக்கு இப்படி முடித்த கற்களும் பேரலிலேயே முடித்த கற்களும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

இப்போது பேரலில் ஒரு கைப்பிடி அகேட் மூன்றாவது வாரமாக முதல் நிலையிலேயே ஓடுகிறது. நேற்று திறந்து பார்த்தேன். இரண்டு கற்களில் இன்னும் குழி இருக்கிறது. புதுத் தூள் போட்டு மறுபடி மூடிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் திறப்பேன்.