திருத்தித் தராத எழுத்து மையம்: ஒரு முன்னாள் மாணவியின் மதிப்பீடு

நூலகத்தின் இரண்டாம் மாடியில், ஆய்விதழ்கள் அடுக்கிய அலமாரிகளைத் தாண்டினால், நான்கு வட்ட மேசைகள் போட்ட ஓர் அறை வரும். கலை, அறிவியல் எனப் பல துறைகளையும் சேர்த்துக் கற்பிக்கும் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்தேன்; அதன் எழுத்து மையம் அது. முதலாம் ஆண்டில் கட்டுரை வரைவுகளை எடுத்துக்கொண்டு அங்கே போயிருக்கிறேன். கடைசி இரண்டு ஆண்டுகள் அதே மேசையின் மறுபுறம் மாணவ ஆலோசகராக உட்கார்ந்திருக்கிறேன். படிப்பை முடித்து ஆறு ஆண்டுகள் கழித்து, மேற்படிப்புக்கான விண்ணப்பக் கடிதத்துடன் மீண்டும் அதன் உதவியை நாடினேன். ஒரே சேவையை மூன்று பக்கமிருந்தும் பார்த்துவிட்டதால், இதைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

எந்தப் பாடத்தின் கட்டுரையாக இருந்தாலும், அது எந்த நிலையில் இருந்தாலும், முன்பதிவு செய்துகொண்டு ஐம்பது நிமிடம் ஒரு மாணவ ஆலோசகருடன் உட்காரலாம், கட்டணம் இல்லை. ஆனால் அவர் உங்கள் பிழைகளைத் திருத்தித் தரமாட்டார். இதை அறியாமல் வருகிறவர்கள் ஏமாற்றத்துடன் திரும்புகிறார்கள், முதல் நாள் நானும் ஏமாந்தேன். ஆறு பக்க வரைவை மேசையில் வைத்துவிட்டுச் சிவப்பு மைக்காகக் காத்திருந்தேன். எதிரே இருந்தவர் இறுதியாண்டு இயற்பியல் மாணவி. தன் பென்சிலை எட்டாத தொலைவில் சன்னல் திண்டின் மேல் வைத்துவிட்டு, “நீங்களே உரக்க வாசியுங்கள்” என்றார்.

மூன்றாம் பத்தியில் ஒரு வாக்கியம் முடிவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. அவர் அந்த வாக்கியத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. “இந்தப் பத்தி சொல்ல வருவதை ஒரே வரியில் ஓரத்தில் எழுதுங்கள்” என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஒன்பது பத்திகளுக்கும் அப்படி எழுதி முடித்தபோது, இரண்டாம் பத்தியும் ஆறாம் பத்தியும் ஒன்றையே சொல்வது தெரிந்தது. நான் உண்மையில் சொல்ல விரும்பிய கருத்தோ கடைசிப் பத்தியில், கடைசிக்கு முந்தைய வாக்கியத்தில் ஒளிந்துகொண்டிருந்தது. ஒரு காற்புள்ளிகூடத் திருத்தப்படாமல் அந்த ஐம்பது நிமிடம் கழிந்தது. அன்று இரவு அந்த ஒரு வாக்கியத்தை மேலே எடுத்து வைத்துக்கொண்டு கட்டுரையை முதலிலிருந்து எழுதினேன்.

இத்தகைய பல்கலைக்கழகங்களில் வகுப்புகள் சிறியவை. பேராசிரியர்களே கட்டுரைகளைப் படித்து விரிவாகக் குறிப்பெழுதுகிறார்கள். அலுவலக நேரத்தில் யாரும் போய்ப் பேசலாம். பிறகு இப்படி ஒரு மையம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். மதிப்பெண் போடப்போகிற கண்ணுக்கு முன்னால் நாம் நம் குழப்பத்தை மறைத்துக்கொள்கிறோம் என்பதே என் பதில். அமெரிக்காவின் சுவார்த்மோர் கல்லூரியில் 1922இல் அதன் தலைவர் பிராங்க் அய்டெலாட் தொடங்கிய ஆனர்ஸ் (சிறப்புத் தேர்ச்சி) திட்டத்தில், மாணவர்களைச் சோதிக்கும் பொறுப்பு வெளியிலிருந்து வரும் தேர்வாளர்களிடம் கொடுக்கப்பட்டது. கற்பிக்கிறவரே தீர்ப்பும் வழங்க வேண்டிய நிலை அங்கே நீங்கியதால், ஆசிரியரும் மாணவரும் ஒரே பக்கத்தில் நின்று உழைக்க முடிந்தது. அந்தப் பிரிவினையைத்தான் எழுத்து மையம் ஐம்பது நிமிட அளவில் செய்து காட்டுகிறது. அதே நாட்டின் பிரவுன் பல்கலைக்கழகம் 1982இல் இளங்கலை மாணவர்களையே பயிற்றுவித்து, குறிப்பிட்ட வகுப்புகளின் வரைவுகளைப் படிக்க அமர்த்தியது. சக மாணவரிடம் “எனக்கே இது புரியவில்லை” என்று சொல்லக் கூச்சம் இல்லை. எழுத்து சீர்படத் தொடங்குவது அந்த வாக்கியத்துக்குப் பிறகுதான்.

ஆலோசகராகச் சேர்வதற்கு முன் ஒரு பருவம் முழுவதும் பயிற்சி வகுப்பு உண்டு. அதில் நான் கற்றவற்றுள் மிகக் கடினமானது, கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது. எதிரே இருப்பவர் தடுமாறும்போது விடையை நாமே சொல்லிவிடத் துடிக்கிறோம். சொல்லிவிட்டாலோ அந்தக் கட்டுரை நம்முடையதாகிவிடுகிறது. நன்னூலில் பவணந்தி முனிவர் ஒரு கணக்கு சொல்கிறார்: ஆசிரியர் சொன்னதை முழுதும் உள்வாங்கினாலும் புலமையில் கால் பங்குதான் கைவரும், உடன் கற்போரோடு பயில்வதால் இன்னொரு கால் பங்கு சேரும், பிறருக்கு எடுத்துரைப்பதால் மீதிப் பாதியும் நிரம்பும். மையத்துக்கு வந்துபோனவர்களைவிட அங்கே பணியாற்றிய நாங்களே அதிகம் பெற்றோம் என்று இன்று உறுதியாகச் சொல்வேன். என் ஆய்வேட்டின் முதல் இயலை நான் எழுதியதே, மற்றவர்களின் முதல் இயல்கள் எங்கே தடுமாறுகின்றன என்பதை இரண்டு ஆண்டுகள் பார்த்த பிறகுதான்.

ஒரு நாள் மாலை, எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் ஆய்விதழிலிருந்து திரும்பி வந்த தன் கட்டுரையுடன் முறையாக முன்பதிவு செய்துகொண்டு வந்தார். என் மேசையில் அமர்ந்து, எல்லோரையும்போல உரக்க வாசித்து, நான்காம் பக்கத்தில் தானாகவே நின்று, “இங்கே நான் எதையோ தவிர்க்கிறேன், இல்லையா?” என்று கேட்டார். ஆசிரியர்கள் இந்த அறையைப் பயன்படுத்த வேண்டிய விதம் இது. மாறாக, சில பேராசிரியர்கள் மையத்துக்குப் போய்வந்ததற்கு மதிப்பெண் தருவதாக அறிவித்துவிடுகிறார்கள். அப்போது பத்து நிமிடம் இருந்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போவதற்காகவே ஒரு கூட்டம் வந்து, உண்மையாகத் தேவைப்படுவோரின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. மாணவரின் ஒப்புதல் இல்லாமல் பேராசிரியருக்கு எந்தக் குறிப்பும் அனுப்பக் கூடாது என்ற விதியை மையம் இன்றுவரை விடாமல் காப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

பருவத்தின் கடைசி இரண்டு வாரங்களில் இடம் கிடைப்பதே இல்லை. ஆய்வக அறிக்கைகளைப் படிக்கத் தெரிந்த ஆலோசகர்கள் குறைவு. இவற்றைவிட என்னை உறுத்துவது வேறொன்று. பிழை திருத்துவதில்லை என்ற கொள்கை, வேறொரு மொழியில் வளர்ந்து ஆங்கிலத்தில் எழுத வருகிறவர்களிடம் சில சமயம் கடுமையாக நடந்துகொள்கிறது. ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன் எந்தச் சுட்டுச்சொல் (a, an, the) வரும், ஒரு வினையோடு எந்த முன்னிடைச்சொல் (in, on, at போன்றவை) சேரும் என்பதெல்லாம் சிந்தித்துக் கண்டுபிடிக்கக் கூடியவை அல்ல. யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும். தமிழில் சிந்தித்துப் பழகிய எனக்கு, “உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்ற கேள்வி அத்தகைய இடங்களில் எந்த உதவியும் செய்ததில்லை. நான் ஆலோசகராக இருந்தபோது இந்த விதியை அவ்வப்போது மீறி, நேரடியாகச் சொல்லிக் கொடுத்தேன். அதற்காக இன்றும் வருந்தவில்லை. மையம் இதற்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டும்.

முன்னாள் மாணவர்களுக்கான ஏற்பாடு போதாது. 1821இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரி நெருக்கடியில் இருந்தபோது அதன் பட்டதாரிகள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்த காலம் தொட்டு, இத்தகைய நிறுவனங்கள் பழைய மாணவர்களின் பற்றைப் பெரிதும் நம்பி வாழ்கின்றன. ஆயினும் என் மின்னஞ்சலுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் பதில் வந்தது. விடுமுறைக் காலத்தில் காணொளி வழியாக அரை மணி நேரம் மட்டும் தந்தார்கள். திரையில் வந்தவர் இரண்டாம் ஆண்டு மாணவி, என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். கடிதத்தை உரக்க வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும், “அக்கா, இந்தப் படிப்பு உங்களுக்கு ஏன் வேண்டும் என்று இதில் எங்குமே இல்லையே” என்றார். நான் வாயால் சொன்ன பதிலை அவர் எழுதிக்கொள்ளவில்லை. என்னையே எழுதச் சொன்னார். கடிதத்தின் முதல் வரியாக அதுவே போயிற்று.

போக நினைப்பவர்கள் பருவத்தின் மூன்றாம் வாரத்திலேயே முன்பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டுரைக்காகப் பேராசிரியர் தந்த வினாத்தாளையும், ஓரத்தில் தாராளமாக இடம் விட்டு அச்சிட்ட பிரதியையும் கையோடு கொண்டுபோங்கள். வரைவு முடியாவிட்டாலும் போங்கள். பாதியில் நிற்கும் கட்டுரையைத்தான் அவர்கள் நன்றாகப் படிக்கிறார்கள்.