லீவர் உடைந்தால் பிரேக் முழுவதையும் மாற்றத் தேவையில்லை: திருகோணமலைத் திருத்தகம் ஒன்றின் வேலை பற்றி

ஒயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக் பூட்டிய சைக்கிள்களை நிலாவெளி வீதியில் இப்போது அடிக்கடி காணலாம். ஆனால் அந்தப் பிரேக்கில் கை வைக்கத் துணியும் திருத்தகங்கள் நகரில் குறைவு; லீவர் உடைந்தது என்றதும் ஒயில் குழாயோடு முழுத் தொகுதியையும் மாற்றச் சொல்வதே வழக்கம். மத்திய வீதிக்கு அண்மையில், பெயர்ப்பலகை கூட இல்லாத ஒரு சிறிய திருத்தகம் இதற்கு விலக்காக இருப்பதால் அதன் வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

நிறுத்தியிருந்த என் சைக்கிள் கச்சான் காற்றில் சரிந்து விழுந்ததில், முன் பிரேக்கின் லீவர் வளைந்து, அச்சாணி செல்லும் துளைக்கு அருகே வெடிப்பு விட்டிருந்தது. வளைந்த அலுமினிய லீவரைத் தட்டி நிமிர்த்தலாம் என்று சொல்பவர்கள் உண்டு; நிமிர்த்திய இடத்தில் உலோகம் பலவீனப்பட்டிருக்கும் என்பதால், அவசரமாக நிறுத்த வேண்டிய வேளையில் அது கையோடு வந்துவிடலாம். இந்தத் திருத்துநர் அந்த யோசனையைக் காதில் வாங்கவே இல்லை. லீவரைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “ஒயிலைத் தொடத் தேவையில்லை, தம்பி” என்றார்.

அவர் சொன்னது சரி. விரலால் நாம் இழுக்கும் லீவர் ஓர் அச்சாணியில் சுழன்று, சிறிய தள்ளுகோல் ஒன்றின் வழியாக உள்ளே இருக்கும் பிஸ்டனை அழுத்துகிறது. ஒயில் இருப்பது பிஸ்டனின் சீலுக்கு, அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்துக்கு, அப்பால்தான். ஆகவே அச்சாணியைக் கழற்றி, தள்ளுகோலை விடுவித்து, லீவரை மட்டும் மாற்றினால் ஒயில் அடைப்பு குலையாது, ஒயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலையும் வராது. கவனம் தேவைப்படுவது இரண்டு இடங்களில்: பிஸ்டனைத் தாங்கும் சேர்க்ளிப் என்ற வளையக் கொக்கியை அசைத்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் பிஸ்டனை வெளியே தள்ளிவிடும், தள்ளுகோலின் முனை பிஸ்டனின் குழிவில் நேராக அமராவிட்டால் லீவர் இறுகும் அல்லது பிரேக் முழுதாக விடுபடாது. அவர் இரண்டையும் அறிந்தே வேலை செய்தார். சில்லைக் கழற்றிய வேளையில் யாரும் லீவரை அழுத்தி, டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாதபடி, இடையில் மடித்த அட்டை ஒன்றைச் செருகியதும் எனக்குப் பிடித்திருந்தது.

சரியான பாகத்தைத் தேடுவதுதான் உண்மையான சிரமம். மகுரா போன்ற பிரேக் நிறுவனங்கள் ஒரு விரலுக்கும் இரு விரலுக்கும் உரிய லீவர்களைத் தனியாக விற்கின்றன. விலை குறைந்த பிரேக்குகள் பலவற்றுக்கு லீவர் தனியே கிடைப்பதில்லை, பிஸ்டன் இருக்கும் சிலிண்டரோடு சேர்த்தே வாங்க வேண்டும். ஷிமானோ தன் இணையத்தளத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும் பாக வரைபடத்தை வெளியிடுகிறது; அதில் உள்ள இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போனால் கடைக்காரருக்கும் நமக்கும் நேரம் மிஞ்சும். சில மாதிரிகளில் இடப்பக்கம், வலப்பக்கம் என லீவர்கள் வேறுபடும் என்பதையும் மறக்கக் கூடாது. சிலிண்டரோடு மாற்ற நேர்ந்தால் ஒயில் வகையைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும்: ஷிமானோவும் மகுராவும் மினரல் ஒயிலில் இயங்குபவை; ஸ்ராம் பிரேக்குகளில் பெரும்பாலானவை டொட் (DOT) எனப்படும் வேறு வகைப் பிரேக் திரவத்தைக் கொள்பவை, ஆனால் அதே நிறுவனத்தின் டீபி8, மேவன் மாதிரிகள் மினரல் ஒயில் வகை. ஒன்றுக்கு மற்றதை ஊற்றினால் சீல்கள் கெட்டுவிடும். டொட் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சக் கூடியது என்பதால், கடலோரத்தில் வாழும் நாம் அதைக் காலாகாலத்தில் மாற்றுவது நல்லது.

குறைகளும் உண்டு. முறுக்குவிசை அளக்கும் சாவி இந்தத் திருத்தகத்தில் இல்லை. எல்லா ஸ்குரூக்களையும் கைப்பழக்கத்தில் இறுக்குகிறார்கள். அலுமினிய ஹாண்டிலுக்கு அது போதும், காபன் ஹாண்டில் வைத்திருப்பவர்கள் சாவியைத் தாமே கொண்டு போவது நல்லது. உப்புக் காற்றில் துருவேறத் தொடங்கியிருந்த பழைய அச்சாணியையே துடைத்துக் கிறீஸ் பூசித் திரும்பப் போட்டதும் எனக்கு உவப்பாக இல்லை. கேட்டபோது, புதியது லீவரோடு வரவில்லை என்றார். அது உண்மைதான், ஆனால் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதையும் சேர்த்து வரவழைத்திருப்பேன்.

கூலி, புதிய பிரேக் தொகுதி ஒன்றின் விலையில் ஒரு சிறு பங்கே. லீவரின் தூரத்தை என் விரலுக்கு ஏற்றபடி திருகிச் சரிசெய்துவிட்டு, அதைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்து, அது தாழ்ந்துபோகவில்லை, ஒயில் கசியவில்லை என்று பார்த்த பின்னரே சைக்கிளைத் தந்தார். கோணேசர் கோயில் ஏற்றத்திலிருந்து இறங்கிவந்து பார்த்தேன். பிரேக்கின் பிடி முன்னர் இருந்தபடியே இருக்கிறது. பாகங்கள் கொழும்பிலிருந்து வர வேண்டியிருப்பதால், சைக்கிளைக் கொண்டுபோகும் முன் லீவரின் படத்தையும் மாதிரி இலக்கத்தையும் காட்டிவிட்டு வந்தால், பாகம் கைக்கு வந்த பிறகு ஒரே தடவையில் வேலையை முடித்துக்கொள்ளலாம்.