வீட்டு இன்வெர்ட்டரா, தெருவுக்கு ஒரு ஜெனரேட்டரா?

இரண்டு மணி நேர மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர்தான் சரி. சத்தமில்லை, புகையில்லை. 150 ஏஹெச் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் இரண்டு மின்விசிறி, நாலு எல்இடி விளக்கு ஐந்தாறு மணி நேரம் ஓடும்.

புயல் என்றால் கணக்கே வேறு. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. பேட்டரி முதல் நாளே தீர்ந்துவிடும், அப்புறம் அதைச் சார்ஜ் செய்ய வழியில்லை. அங்கே தவித்தது தண்ணீருக்கு. வாடகை ஜெனரேட்டரை வைத்து மோட்டாரை ஓட்டித்தான் பல ஊர்களில் மேல்நிலைத் தொட்டியை நிரப்பினார்கள். சாதாரண வீட்டு இன்வெர்ட்டரால் ஒரு குதிரைத்திறன் மோட்டாரைக் கிளப்பவே முடியாது.

அதனால் கடலோர ஊர் என்றால் என் ஓட்டு பொது ஜெனரேட்டருக்கே. ஆனால் அதற்குப் பொறுப்பான ஆள் வேண்டும். டீசல் யார் வாங்கி வைப்பது, மாதம் ஒருமுறை யார் ஓட்டிப் பார்ப்பது, எந்த வீட்டுக்கு எவ்வளவு நேரம் என்பதை ஐப்பசிக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. மூடிய அறையிலோ மாடிப்படிக்கு அடியிலோ வைக்கவே கூடாது. சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (வெளி லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) இல்லாமல் வீட்டு லைனில் இணைத்தால் மின்சாரம் வெளிக்கம்பிக்குத் திரும்பிப் பாயும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிர் போய்விடும்.

வீட்டில் ஆக்சிஜன் கருவியில் இருப்பவர் உண்டென்றால் இன்வெர்ட்டரும் கட்டாயம் வேண்டும். பேட்டரியை வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள்.