பழைய சர்வீஸ் மேனுவலை எழுத்தாக்க டெஸராக்ட்: புள்ளி தவறாமல் எடுப்பது எப்படி

பழைய சர்வீஸ் மேனுவலை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக வைத்திருப்பவர்கள் ஏராளம். அதில் "கிளட்ச்" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. உள்ளே இருப்பது எழுத்தல்ல, எழுத்தின் படம். அதை எழுத்தாக்க (இதற்குப் பெயர் ஓசிஆர்) இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களில் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது டெஸராக்ட், கூடவே அதை பிடிஎஃப் மீது ஓட்டித் தரும் ஓசிஆர்மைபிடிஎஃப். இங்கே இந்த இரண்டையும் கையேடுகளுக்கு என்றே வைத்து எடைபோடுகிறோம். நாவலில் ஒரு எழுத்து பிசகினால் வாசிப்பவர் கண்ணே திருத்திக்கொள்ளும். மேனுவலில் 2.5 என்பது 25 ஆனால் போல்ட் முறியும்.

டெஸராக்ட் 1985 முதல் 1994 வரை ஹெச்பி நிறுவனத்துக்குள் உருவானது. 2005-ல் அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதன்பின் கூகுள் பல ஆண்டுகள் அதை வளர்த்தது. 2018-ல் வந்த 4ஆம் பதிப்பில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்கும் பழைய முறை போய், வரி முழுவதையும் ஒரே ஓட்டமாகப் படிக்கும் நரம்பு வலைப்பின்னல் வந்தது. நம்பிப் பயன்படுத்தலாம் என்று சொல்லக்கூடியது அந்தப் பதிப்பிலிருந்துதான். இப்போதிருப்பது 5.

விண்டோஸ்காரர்கள் மான்ஹைம் பல்கலைக்கழக நூலகம் தொகுத்துத் தரும் நிறுவியை எடுத்துக்கொள்ளலாம். நிறுவும்போதே கூடுதல் மொழிகளில் தமிழை டிக் செய்துவிடுங்கள். உபுண்டுவில் தமிழுக்குத் தனிப் பொட்டலம் உண்டு, ஆனால் அதில் வருவது 'ஃபாஸ்ட்' வகைத் தரவு. 'பெஸ்ட்' வகையைத் தனியாக இறக்கிப் போட்டால் வேகம் குறையும், நெருக்கமான எழுத்துகளில் சற்றுத் துல்லியம் கூடும். கட்டளை வரி பழக்கமில்லாதவர்களுக்கு ஜிஇமேஜ்ரீடர் என்ற முகப்பு இருக்கிறது. உள்ளே ஓடுவது அதே டெஸராக்ட்தான்.

விளைவு நல்லதா கெட்டதா என்பது பெரும்பாலும் ஸ்கேனர் கண்ணாடி மேலேயே முடிவாகிவிடுகிறது. 10 பாயின்ட் எழுத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்தால் ஆங்கிலச் சிறிய எழுத்தின் உடல் ஏறத்தாழ 20 பிக்சல் உயரம் வரும். டெஸராக்ட்டுக்கு அது போதும். ஆனால் மேனுவலின் அளவு அட்டவணைகள் 6 பாயின்டில் அச்சாகியிருக்கும். அதே 300-ல் எடுத்தால் அந்த உயரம் 12 பிக்சல்தான், தசமப் புள்ளி மூன்று பிக்சல் அகலம்கூடத் தேறாது. அதனால் உரைப் பக்கங்களுக்கு 300, அட்டவணைப் பக்கங்களுக்கு 600 என்று பிரித்து எடுங்கள். ஏ4 பக்கம் ஒன்று 600-ல் சாம்பல் நிறத்தில் சுருக்காமல் சுமார் 35 எம்பி ஆகும். எல்லாப் பக்கத்துக்கும் அது வீண். கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்ய வேண்டாம், சாம்பல் நிறத்தில் டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பாக வையுங்கள். தாள் மெல்லியதாக இருந்து பின்பக்க அச்சு தெரிந்தால், பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்து ஸ்கேன் செய்தால் நிழல் அடங்கும்.

அடுத்தது சுத்தம் செய்வது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பக்கத்தை நிமிர்த்தவும், நடு மடிப்பில் பிரிக்கவும், ஓரம் வெட்டவும் ஸ்கேன் டெய்லர் அட்வான்ஸ்டு அருமையான கருவி. அதில் தூசுப் புள்ளிகளை நீக்கும் 'டெஸ்பெக்கிள்' வசதி ஒன்று உண்டு. அதைக் கூட்டி வைத்தால் பக்கம் பளிச்சென்று ஆகிவிடும், பார்க்க ஆசையாக இருக்கும். போனது தூசு மட்டுமல்ல. அந்தக் கருவிக்கு தூசும் தசமப் புள்ளியும் மெய்யெழுத்தின் தலைப்புள்ளியும் ஒன்றுதான், சின்னதாக இருந்தால் எடுத்துவிடும். "அழுத்தம்" என்ற சொல் "அழுததம" ஆகிவிட்டால் நம் கண் உடனே பிடித்துவிடும். 1.5 என்பது 15 ஆனால் எந்தக் கண்ணும் பிடிக்காது, ஏனென்றால் 15 என்பதும் முறையான எண்தான். டெஸ்பெக்கிளை அணைத்தே வையுங்கள். வெளியீட்டையும் சாம்பல் நிறத்திலேயே விட்டால், கறுப்பு வெள்ளையாக்குவதை டெஸராக்ட் தானே செய்துகொள்ளும். எண்ணெய்க் கறையும் மஞ்சள் படிந்த ஓரமும் உள்ள பக்கத்துக்கு 5ஆம் பதிப்பில் வந்த 'சவோலா' முறையைத் தேர்ந்தெடுங்கள். இயல்பாக ஓடும் 'ஓட்சு' முறை முழுப் பக்கத்துக்கும் ஒரே அளவுகோல் வைப்பதால் கறைப் பகுதியில் எழுத்து மூழ்கிவிடும். சவோலா அந்தந்த இடத்துக்கு ஏற்ப அளவை மாற்றிக்கொள்ளும்.

இனி பக்க அமைப்பு. டெஸராக்ட்டில் இதற்கு எண்கள் உண்டு. ஒன்றும் சொல்லாவிட்டால் 3, அதாவது பத்திகளைத் தானே கண்டுபிடிக்கும். சாதாரண உரைக்கு அது போதும். அட்டவணைக்கு 3 சரிப்படாது: இடப்பக்க நிரலை முழுக்கப் படித்துவிட்டு வலப்பக்கம் போகும், எந்த போல்ட்டுக்கு எந்த டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) என்ற தொடர்பே அறுந்துவிடும். 6 கொடுத்தால் முழுவதையும் ஒரே தொகுதியாக எண்ணி வரிசை வரிசையாகப் படிக்கும். சொற்களுக்கு இடையிலான வெற்றிடத்தை அப்படியே வைக்கும் அமைப்பையும் சேர்த்துவிட்டால் நிரல்கள் ஓரளவு ஒழுங்காக நிற்கும். பாகங்களை எண்ணிட்டுக் காட்டும் பிரித்த படங்களுக்கு 11, அது ஆங்காங்கே சிதறிய எழுத்தைத் தேடும். அம்புக்குறிகளையும் எழுத்தென்று எண்ணி உளறும், எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். அட்டவணைக் கோடு எண்ணை ஒட்டி நின்றால் அது 1 ஆகப் படிக்கப்படும். அத்தகைய பக்கத்தில் எண் நிரலை மட்டும் வெட்டியெடுத்து, எண்களும் புள்ளியும் கோடும் தவிர வேறெதையும் ஏற்காதபடி வைட்லிஸ்ட் கட்டுப்பாட்டோடு ஓட்டுவது நல்லது.

மொழியைப் பொறுத்தவரை, முழு ஆங்கில மேனுவலுக்கு ஆங்கிலம் மட்டும் கொடுங்கள். "இருக்கட்டுமே" என்று தமிழையும் சேர்த்தால் நேரமும் பிழையும்தான் கூடும். தமிழ்க் கையேட்டில் இடையிடையே ஆங்கிலப் பாகப் பெயர் வந்தால் முதலில் தமிழ், அடுத்து ஆங்கிலம் என்ற வரிசையில் கொடுக்க வேண்டும்.

தமிழில் தரம் எப்படி? தெளிவான கணினி அச்சு என்றால் நன்றாகவே வருகிறது. துணைக்கால் 'ர' ஆவதும், 'ன'வும் 'ண'வும் இடம் மாறுவதும் தேடித் திருத்த வேண்டியவை. 'ஔ' வர வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியாக வந்திருக்கும். திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடலில் சிக்காது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால், தும்பிக்கை போட்ட 'னை', 'லை'யும், சுழித்துச் சேர்த்த 'றா', 'னா'வும் வரும் இடங்களில் தடுமாறும். தமிழ் உரைப் பக்கங்களுக்கு மட்டும் கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி டாக்ஸில் திறக்கும் வழி இன்னும் சுத்தமாக வருகிறது. தமிழ் விக்கிமூலத்தில் நூல்களை எழுத்தாக்கக் கூகுளின் ஓசிஆரைத்தான் பெரிதும் நம்புகிறார்கள். ஆனால் அட்டவணையும் பத்தி அமைப்பும் அதில் நிற்காது, பக்கமும் உங்கள் கணினியை விட்டு வெளியே போகிறது. நிறுவனத்தின் உள்சுற்று மேனுவல் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஓசிஆர்மைபிடிஎஃப்பின் பெருமை வேறு. அது படத்தைத் தூக்கி எறிவதில்லை. ஸ்கேன் படம் மேலே அப்படியே நிற்கும், எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கிடக்கும். தேடினால் பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும், அளவை அச்சிலேயே படித்துக்கொள்ளலாம். பட்டறையில் வைத்துப் பயன்படுத்தும் மேனுவலுக்கு இதைவிடப் பாதுகாப்பான வடிவம் இல்லை என்பதே எங்கள் தீர்ப்பு. சாய்வு நிமிர்த்துவதையும் பக்கம் திருப்புவதையும் அதுவே செய்யும். கேட்டால் எழுத்தை மட்டும் தனிக் கோப்பாகவும் தரும். 'கிளீன்' அமைப்பு, படிப்பதற்கான நகலைத்தான் சுத்தம் செய்யும், வெளியே வரும் படத்தைத் தொடாது. 'கிளீன் ஃபைனல்' கொடுத்தால் வெளிப்படமும் மாறும், மேனுவலுக்கு அது வேண்டாம். பிடிஎஃப்பில் ஏற்கெனவே எழுத்து இருந்தால் நின்றுவிடும். பழைய ஓசிஆர் மோசமாக இருந்தால் 'ரீடூ' கொடுத்து மறுபடி ஓட்டுங்கள்.

தனி எழுத்துக் கோப்புதான் வேண்டும் என்றால் எண்களைச் சரிபார்க்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நம்பிக்கை மதிப்பெண்ணை 100-க்குக் கணக்கிட்டு டிஎஸ்வி கோப்பாக டெஸராக்ட் தரும். 80-க்குக் கீழே உள்ளதை முதலில் பார்க்கலாம். ஆனால் தவறான எண்ணுக்கும் 95 போட்டுவிடும், அதை மட்டும் நம்பக் கூடாது. நல்ல வேளையாக மேனுவலே ஒரு சோதனையை உள்ளே வைத்திருக்கிறது. டார்க் அளவைப் பெரும்பாலும் இரண்டு அலகில் கொடுத்திருப்பார்கள். கிலோகிராம் மீட்டரை 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர் வர வேண்டும். 2.5-க்குப் பக்கத்தில் 24.5 இருந்தால் சரி, 25-க்குப் பக்கத்தில் 24.5 இருந்தால் புள்ளி போயிருக்கிறது. மில்லிமீட்டரும் அங்குலமும் சேர்ந்து வந்தால் 25.4. இரண்டு நிரலையும் எக்செல்லில் போட்டு ஒரு வகுத்தல் போட்டால், விகிதம் மாறும் வரிசை தானே காட்டிக்கொடுக்கும்.

ஒற்றை அலகு உள்ள இடங்களில், சுழியத்தில் தொடங்கிப் புள்ளியில்லாமல் போகும் எண்களைத் தேடுங்கள்: டேப்பெட் இடைவெளி 0.10 என்பது 010 ஆகியிருக்கும். பாகைக் குறி சுழியமாகி 90 பாகை 900 ஆகியிருக்கும், ஆகவே கோண இறுக்கம் சொல்லும் வரிகளில் 360-க்கு மேல் எது வந்தாலும் அச்சைப் பாருங்கள். கூட்டல் கழித்தல் குறி வெறும் கூட்டலாகிவிடும். பாக எண்களில் ஆங்கில 'ஓ'வும் சுழியமும், 'பி'யும் 8-உம், 'எஸ்'ஸும் 5-உம் மாறுவது வழக்கம். இந்த இடத்தில் குறுக்குவழி இல்லை. ஒருவர் அச்சுப் பக்கத்தைப் பார்த்து வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் திரையில் விரல் வைத்துக்கொண்டே வர வேண்டும்.